மூன்று கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடிந்தும் புராஸ்டேட் வலி போகவில்லை. இது குணமாகுமா?

எனக்கும் இதே கதைதான். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற ஒரு சுரப்பி. அப்போது வயது 39. ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டு வரை அதே நாற்காலி. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், கோலிக்குண்டு மேல் உட்கார்ந்த மாதிரி ஒரு வலி. ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வரும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். மனைவியிடம் முதுகுவலி என்று சமாளித்தேன். அம்மாவோ உடம்புச் சூடு என்று முடிவுகட்டி வெந்தயமும் இளநீருமாகக் கொடுத்தார்.

முதலில் பார்த்த டாக்டர் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனை, எடுக்காமலேயே ஆன்டிபயாடிக் எழுதினார். மூன்று சுற்று போனது. குதிகாலில் வலி வந்ததுதான் மிச்சம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் குதிகால் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இரண்டாவதாகப் பார்த்த யூராலஜிஸ்ட், ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியை அழுத்தி, அதற்கு முன்னும் பின்னும் சிறுநீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார். சங்கடமான சோதனைதான், ஆனால் ஒரு நிமிஷ வேலை. இரண்டிலும் கிருமி இல்லை. இந்த நோயில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அப்படித்தானாம். புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். அதில் மூன்றாவது வகையான நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்னுடையது. பெயரில்தான் புராஸ்டேட், பல பேருக்கு வலி கிளம்புவது சுற்றியுள்ள தசையிலிருந்து. ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். தொந்தரவு கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். மொத்தம் 43 மதிப்பெண், நான் எடுத்தது 27. வாழ்க்கையில் அதிக மார்க் வாங்கி வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

"கோபம் வந்தா பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்டார். கடிப்பேன். அதே இறுக்கத்தைக் கீழேயும் நாள் முழுக்கப் பிடித்துவைத்திருந்தேன் என்பது பிசியோதெரபிஸ்ட் ஒரு தசையைத் தொட்டு அழுத்தியபோது புரிந்தது. அச்சு அசல் அதே வலி!

இங்கே ஒரு எச்சரிக்கை. யூடியூபில் எல்லாரும் கீகல் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். அது தசையை இறுக்குகிற பயிற்சி. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற எனக்கு அது வலியைக் கூட்டியது. எனக்குத் தேவைப்பட்டது தளர்த்துவது: வயிறு உப்ப மெதுவாக மூச்சு, குத்தவைத்து உட்காருவது, பாலாசனம், இரவில் வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிஷம். கூடவே சில மாதம் டாம்சுலோசின் என்ற, சிறுநீர் வரும் வழியைத் தளர்த்துகிற மாத்திரை. அதில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், விந்து குறைவாக வரலாம், பயப்பட வேண்டாம். காபியைக் குறைத்தேன். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டேன். எட்டு மாதத்தில் அந்த 27 மதிப்பெண் ஒன்பதாக இறங்கியது. மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற சமயத்தில் வலி இப்போதும் எட்டிப்பார்க்கும், ஒரு வாரத்தில் போய்விடும்.

இது புற்றுநோய் இல்லை, இந்த வகை மனைவிக்குத் தொற்றவும் தொற்றாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

எல்லாருக்கும் என் கதையே பொருந்தாது. கல்ச்சரில் திரும்பத் திரும்ப ஒரே கிருமி வந்தால் நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் எடுக்கத்தான் வேண்டும். அதனால் நான்காவது முறை ஆன்டிபயாடிக் சீட்டு வாங்குவதற்கு முன்னால் கல்ச்சர் ரிசல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். குளிர் காய்ச்சலோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.