சதுப்பு இறங்கினால் செம்மண் கொட்ட வேண்டாம்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் பள்ளத்துச் சதுப்பில் கேரட்டுக்காக வாய்க்கால் வெட்டியபின் கறுப்பு மண் இறங்கிக்கொண்டே போகிறது, செம்மண் கொட்டி மேடாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொட்டாதீர்கள். பாரம் ஏறினால் இன்னும் அமுங்கும்.

அது பீட் மண். நீருக்கடியில் காற்றுப் படாமல், முழுதாக மக்காமல் கிடக்கும் புல்லும் கோரையும்தான். நீர் வடிந்ததும் காற்று புகுந்து மக்க ஆரம்பிக்கிறது. மண்ணே கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் சதுப்பை வடித்தபோது, 1851 வாக்கில் தரைமட்டத்துக்கு ஒரு தூணை இறக்கினார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது! ஈரம் காய்ந்த இடத்தின் கதை அது. ஈரம் நிலைத்த இடம் வேறு: ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லாவில் 20,000 ஆண்டுப் பழைய பீட் அடுக்குகள் இருக்கின்றன.

சரி, வாய்க்காலை அடைத்துவிடுங்கள். மேல்முனையில் தொடங்கி, வெட்டியெடுத்த அதே மண்ணும் பலகையும் வைத்துப் படிப்படியாக. ஒரே பெரிய தடுப்பு என்றால் மழையில் பிய்த்துக்கொண்டு போகும். சீகை (வாட்டில்) மரக்கன்றுகள் முளைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள். நடுவில் குட்டை தோண்டச் சொல்லி யாராவது வருவார்கள், காதில் வாங்காதீர்கள். கேரட் மேட்டுக்குப் போகட்டும். இறங்கிய மட்டம் நம் காலத்தில் ஏறாது, மேலும் இறங்குவது குறையும்.

வாய்க்காலின் நீளமும் சரிவும் எழுதுங்கள், எத்தனை தடுப்பு வேண்டும் என்று பார்க்கலாம்.