ஓய்வுபெற்றோர் வாரம் ஒருமுறை கூடும் கற்றல் குழுவை ஆள் குறையாமல் நடத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: ஊரில் ஓய்வுபெற்ற முப்பது பேர் வாரம் ஒரு நாள் கூடி, ஓர் உரையும் அதன்பின் ஏதாவது ஒரு செயல்பாடுமாக நடத்த விரும்புகிறார்கள். இடம், நேரம், பேச்சாளர் எல்லாம் எப்படி அமைப்பது, இரண்டு மாதத்தில் கூட்டம் கரையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இடம் பார்க்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து பேச நீங்கள் கேட்கப் போகிறீர்களா, அல்லது உங்களுக்குள்ளேயே ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெல்லா ஓய்வுபெற்றோருக்காகத் தொடங்கிய 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பாடம் எடுத்தவர்கள் பேராசிரியர்கள். 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோர் அதை வேறு விதமாக அமைத்தார்கள். தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, சம்பளத்துக்கு ஆசிரியர் கிடையாது. உறுப்பினரே ஆசிரியர், உறுப்பினரே மாணவர். நம் ஊர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன். வெளிப் பேச்சாளரை மட்டும் நம்பும் குழுவில், அவர் வராத ஒரு வாரம் கூட்டம் ரத்தாகும். இரண்டு முறை ரத்தானால் பழக்கம் விட்டுப்போகும். அதைவிடப் பெரிய காரணம், வெறுமனே கேட்டுவிட்டுப் போகிறவருக்குத் தான் வராவிட்டாலும் எதுவும் நின்றுவிடாது என்று தெரிந்துவிடுகிறது.

எனவே முதல் கூட்டத்தில் ஒரு தாளில் இரண்டே கேள்விகள் கொடுங்கள்: 'நீங்கள் மற்றவர்களுக்கு எதைச் செய்து காட்டுவீர்கள்?', 'எதைக் கற்றுக்கொள்ள ஆசை?' என்ன பதவியில் ஓய்வுபெற்றார் என்று கேட்க வேண்டாம், பெயர்ப் பட்டியலிலும் பதவியைப் போட வேண்டாம். முன்னாள் தாசில்தாரும் முன்னாள் அலுவலக உதவியாளரும் ஒரே அறையில் இருக்கும்போது பதவி உள்ளே வந்தால், ஒருவர் முன்வரிசையில் பேசுவார், மற்றவர் பின்வரிசையில் உட்கார்ந்து கொஞ்ச நாளில் நின்றுவிடுவார். அலுவலக வேலைக்கே போகாத பெண்களும் 'எனக்கென்ன தெரியும்' என்று தாளை வெறுமையாகத் திருப்பித் தருவார்கள். அவர்களிடம் 'செய்து காட்டுவீர்கள்' என்ற சொல்லை அழுத்திக் கேளுங்கள். வடகம் முதல் கோலக் கணக்கு வரை வரும்.

இடத்துக்கு முதலில் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தைக் கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கும். அதன் நிகழ்ச்சியாகவே சேர்த்துக்கொள்ள நூலகரிடம் பேசிப் பார்க்கலாம். இல்லையென்றால் குடியிருப்போர் சங்கக் கட்டடம், பள்ளிக்கூட அறை. மூன்றைக் கண்ணால் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்: தரைத்தளமா, கழிப்பறையில் மேற்கத்திய கோப்பையும் சுவரில் கைப்பிடியும் உண்டா, நாற்காலிகளுக்குக் கை வைத்திருக்கிறதா. நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போடுகிறவர்கள் இந்த வயதில் நிறையப் பேர். கழிப்பறை சரியில்லாத இடத்துக்கு அவர்கள் காரணம் சொல்லாமல் வராமல் இருந்துவிடுவார்கள்.

நேரம்: புதன்கிழமை காலை 10.30 முதல் 12 வரை. திங்களன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் கூட்டம். வெள்ளிக்கிழமை அதே 10.30 முதல் 12 வரை ராகு காலம். அது முடிகிறபோது ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்ப வேண்டியவர்களும் இருப்பார்கள். மாலை என்றால் இருட்டில் திரும்ப வேண்டும். பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரமும் அதுதான். ஆனால் கடைசி முடிவைப் பெண்களிடம் கேட்டு எடுங்கள். மதியச் சமையல் அவர்கள் கையில் இருக்கும் வீடுகளில் 10.30 ஒத்துவராமல் போகலாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7.30-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஆள் குறைவதற்கு மிகப் பெரிய காரணம் தலைப்பு பிடிக்காமல் போவதல்ல, காது கேட்காமல் போவது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதுமையில் வரும் செவிக்குறைவு முதலில் உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் எடுத்துச் செல்கிறது. உயிரொலிகள் கேட்கும், ச, ஸ, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கும். 'சத்தம் வருது, என்ன சொல்றாருன்னுதான் புரியல' என்பார்கள். உரக்கக் கத்தினால் உயிரொலி பெரிதாகிறதே தவிர மெய்யொலி தெளிவதில்லை. ஆகவே நிதானமாக, சொற்களைப் பிரித்துப் பேசச் சொல்லுங்கள்.

முப்பது பேருக்கு, கம்பியில்லா மைக்குடன் வரும் 20 முதல் 40 வாட் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று போதும். பெட்டி பேசுபவருக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்தபடி இருக்கட்டும். பின்னால் வைத்தால் மைக் அந்த ஒலியையே திரும்பப் பிடித்துக் கீச்சிடும். கை மைக்கைப் பலரும் வயிற்றருகே பிடித்துக்கொண்டு பேசுவார்கள். வாயிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை தூரம், அவ்வளவுதான். மைக்குக்கு நேர் மேலே மின்விசிறி ஓடினால் காற்று மோதும் ஒலி தடதடக்கும். பேசுபவரை ஓரடி நகர்த்துங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் அறை எதிரொலிக்கும். ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டாலே பாதி அடங்கிவிடும். பேசுபவரின் முதுகுப்புறம் ஜன்னல் இருக்கக் கூடாது: முகம் இருண்டு உதட்டசைவு தெரியாது. காது மங்கியவர்களில் பலர் தங்களை அறியாமலேயே உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். நாற்காலிகள் அரைவட்டமாக, மூன்று வரிசைக்கு மேல் வேண்டாம். யார் கேள்வி கேட்டாலும் ஒருங்கிணைப்பாளர் அதை மைக்கில் திரும்பச் சொன்ன பிறகே பதில்.

கண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் சென்ற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. திரையில் படம் காட்ட விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் பிறகு எழுந்து நடக்கச் சொன்னால் தடுக்கி விழுவார்கள். ஓர விளக்கை விட்டு வையுங்கள். திரையில் எழுத்து 32 புள்ளிக்குக் குறையாமல், கையில் கொடுக்கும் தாளில் 16 புள்ளி.

உரை முப்பது நிமிடம், கேள்வி பதினைந்து நிமிடம். அதற்குமேல் தலைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இடுப்பு தாங்காது. பேசுபவர் பார்க்கும்படி முதல் வரிசையில் ஒருவர் '5 நிமிடம்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், மணி அடிக்க வேண்டாம். இரண்டு வாரம் முன்பே ஐந்து குறிப்புகளைப் பேசுபவரிடமிருந்து எழுதி வாங்கிவிடுங்கள். உறுப்பினர் உரைகளில் வழக்கமாக நடக்கும் கோளாறு, அது பணிக்காலப் பெருமை உரையாக மாறிவிடுவது. இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு: 'உங்கள் தொழிலிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதை வைத்து எங்களையும் ஏதாவது செய்ய வையுங்கள்' என்று கேட்பது. பேச்சு தானாகவே பொருளைச் சுற்றி வரும்.

நில அளவைத் துறையில் இருந்தவர் 66 அடிக் கயிறு ஒன்றை எடுத்து வரட்டும். அது பழைய அளவைச் சங்கிலியின் நீளம். வெளியே மைதானத்தில் அந்தக் கயிறு நீளத்துக்கு நான்கு பக்கமும் அளந்து சதுரம் கட்டினால் 4,356 சதுர அடி, அதாவது சரியாகப் பத்து சென்ட். அதே சதுரத்துக்குள் 2,400 சதுர அடி கிரவுண்டை வேறு நிறக் கயிற்றால் குறித்தால், ஐந்தரை சென்ட் என்பது எவ்வளவு இடம் என்று காலால் நடந்தே தெரிந்துவிடும். பிறகு பட்டா, சிட்டா, புலப்படம் என்று அவர் விளக்கினால் ஒருவரும் கொட்டாவி விடமாட்டார்கள்.

செவிலியராக இருந்த அம்மா ரத்த அழுத்தம் பார்ப்பதைச் சரியாகக் கற்றுக்கொடுக்கலாம். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை இதயத்தின் மட்டத்தில், பேச்சு கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. வீட்டில் கருவி வைத்திருக்கும் பலர் இவற்றில் இரண்டையாவது விட்டுவிட்டு, எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மின்வாரியத்தில் இருந்தவர், கசிவு மின்னோட்டத்தில் தானே விழும் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லித் தரட்டும். அழுத்தியும் விழாவிட்டால் அந்த சுவிட்ச் காப்பாற்றாது, மாற்ற வேண்டும்.

வெளிப் பேச்சாளரை மாதம் ஒருமுறை அழையுங்கள், ஆனால் காலத்தோடு பொருத்தி. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு வாழ்வுச் சான்று மாதம் நவம்பர். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கைபேசியில் முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்வுச் சான்றைப் பதிவு செய்யும் வகுப்பை அக்டோபரிலேயே வைத்துவிடுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பற்றி ஒரு வழக்கறிஞர் பேசினால் 23-ஆம் பிரிவை விளக்கச் சொல்லுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது தீர்ப்பாயம் மூலம் ரத்து செய்யக் கேட்கும் பிரிவு அது. பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. எழுதிக்கொடுக்கும் முன் தெரிய வேண்டிய செய்தி இது, பின்னால் தெரிந்து பயன் குறைவு.

பேச வருகிறேன் என்று சொல்லி சத்துமாவு, முதலீட்டுத் திட்டம், தண்ணீர்ச் சுத்திகரிப்பான் விற்க வருகிறவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். அரங்கில் விற்பனை இல்லை, உறுப்பினர் கைபேசி எண்கள் யாருக்கும் தரப்படாது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்.

உரைக்கும் செயல்பாட்டுக்கும் நடுவே பதினைந்து நிமிடம் தேநீர். சர்க்கரை தனியாக, கூட சுண்டல். இந்த இடைவேளையைச் சுருக்காதீர்கள். நட்பு வளர்வது இதில்தான்.

செயல்பாடுகளில் அதிகம் பிழையாவது கைபேசி வகுப்பு. ஒருவர் மேடையில் நின்று முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒருவருக்கும் வராது, ஏனென்றால் ஒவ்வொரு கைபேசியின் திரையும் வேறு. நான்கு பேருக்கு ஓர் உதவியாளர் வேண்டும். கல்லூரி மாணவர்களைக் கேட்டால் வருவார்கள். அவர்களுக்கு ஒரே கட்டளை: பெரியவரின் கைபேசியைக் கையில் வாங்கக் கூடாது. வாங்கினால் அவர்களே படபடவென்று செய்துவிடுவார்கள், கற்க வந்தவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வகுப்புக்கு ஒரே பாடம். முதல் வாரம் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டாம் வாரம் தமிழில் பேசித் தட்டச்சு செய்வது. பணப் பரிமாற்றத்துக்கு வரும்போது, ஒருவருக்கொருவர் ஒரு ரூபாய் அனுப்பிப் பழகட்டும். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் கேட்கும், பணம் வருவதற்கு ஒருபோதும் கேட்காது என்பதைக் கையாலேயே உணர்ந்துகொள்வார்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று சட்டத்தில் இல்லை, ஏமாந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

உடற்பயிற்சி என்றால் நாற்காலியில் அமர்ந்து பத்து நிமிடம், உணவுக்குப் பின் உடனே அல்ல. நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. நீண்ட நேரம் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், ஆகவே முதலில் கணுக்காலைப் பத்து முறை அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை ஊர் நடை வைக்கலாம். காலை 6.30, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், அரைமணிக்கு ஒருமுறை உட்கார இடம். உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகள் பதிப்பிக்கப்பட்டிருந்தால் அந்த வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கல்லின் முன் நின்று படியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள், பல ஊர்களுக்கு ஏதாவது பழைய நூல் அகப்படும்.

வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கூட்ட அறிவிப்பு காணாமல் போகும். வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்குத் தொலைபேசி அழைப்பு. ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு பெயர்களை ஒப்படையுங்கள்; அந்த இருவரில் யார் வராவிட்டாலும் அன்று மாலையே அவர் அழைத்து 'என்னாச்சு, உடம்பு பரவாயில்லையா?' என்று கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வெளியூரோ வெளிநாடோ போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்த அழைப்புதான் பாலம். இல்லையென்றால் கூச்சத்தில் மறுபடி வரமாட்டார்கள்.

இன்னொன்று, ஒருங்கிணைப்பாளரிடம் ஒவ்வொருவரின் பெயர், போடும் மாத்திரைகள், அழைக்க வேண்டிய உறவினர் எண் எழுதிய அட்டைகள் இருக்கட்டும், பக்கத்தில் சர்க்கரை டப்பாவும். சர்க்கரை நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.