ஹால் லேபரட்டரியை மீட்டது நிண்டெண்டோவின் பணம் மட்டும்தானா?

திவாலாகும் நிலையில் இருந்த ஜப்பானிய கேம் நிறுவனமான ஹால் லேபரட்டரியை நிண்டெண்டோ விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது என்பதுதானே அதன் வரலாறு, இதில் ஹாலின் தலைவராக இருந்த சத்தோரு இவாட்டாவுக்குத் தனிப் பெருமை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஒரு சிறிய கேம் நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்றும், பெரிய நிறுவனம் ஒன்று வந்து வாங்கினால்தான் விடிவு என்ற பேச்சை அன்றாடம் கேட்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். அதே பேச்சைக் கேட்டுக்கொண்டே மூடப்பட்ட நிறுவனம் ஒன்றில் நிரலாளராக இருந்தவன் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். ஹாலை நிண்டெண்டோ வாங்கவில்லை. பல பத்தாண்டுகளாக அதனுடன் நெருங்கி இயங்கினாலும் ஹால் ஒரு தனி நிறுவனம். 1980 பிப்ரவரியில் தோக்கியோவில் அது தொடங்கப்பட்டபோது, தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்த இவாட்டா பகுதிநேரமாக அங்கே நிரல் எழுதினார். 1982இல் பட்டம் பெற்றதும் முழுநேர ஊழியரானார். 1983இல் நிண்டெண்டோ ஃபேமிகாம் என்ற வீட்டுக் கேம் கருவியை வெளியிட்டது. அதன் மையச் செயலி 6502 வகையைச் சேர்ந்தது. காமடோர் பெட் கணினியில் அந்தச் செயலியை இவாட்டா ஏற்கெனவே நுணுக்கமாகக் கற்றிருந்ததால், ஹால் தானே நிண்டெண்டோவிடம் சென்று வேலை கேட்க முடிந்தது. 18 குழிகள் கொண்ட கோல்ஃப் ஆட்டத்தை ஆட்டம் பதிந்து விற்கப்பட்ட அன்றைய கார்ட்ரிட்ஜின் சிறிய நினைவகத்துக்குள் அடக்கியதும், பலூன் ஃபைட் என்ற ஆட்டத்தின் நிரலை எழுதியதும் அவர்தான். பின்னால் நெருக்கடி வந்தபோது நிண்டெண்டோ இந்த மனிதரை நம்பியதற்கான காரணம், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இப்படி உருவாகிவிட்டது.

1992இல் ஹால் பெரும் கடனில் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உருவாக்கப்பட்டு 1991இல் வெளிவந்த மெட்டல் ஸ்லேடர் குளோரி என்ற ஒரே ஆட்டத்தின் மேல் பலர் பழி போடுவதுண்டு. ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு ஒரு ஆட்டத்தை மட்டும் காரணமாக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உதவி செய்ய நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி முன்வந்தார்; இவாட்டா தலைவராக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. 1993இல், 33 வயதில், நிர்வாக அனுபவம் இல்லாத ஒரு நிரலாளர் 150 கோடி யென் கடனுக்குப் பொறுப்பேற்றார். அந்தக் கடன் தள்ளுபடி ஆகவில்லை. ஆண்டுக்கு 25 கோடி யென் வீதம் ஆறு ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்டது. நிண்டெண்டோவின் துணையைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தத் துணை இல்லாவிட்டால் நிறுவனம் பிழைத்திருக்காது. ஆனால் ஆறு ஆண்டுகள் தவணை கட்டும் வருமானத்தை ஆட்டங்களை உருவாக்கி ஈட்டியவர்கள் ஹாலின் ஊழியர்கள்தாம்.

பொறுப்பேற்றதும் இவாட்டா ஊழியர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்துப் பேசினார். 80, 90 பேர் இருந்த நிறுவனத்தில் சிலருடன் 20 நிமிடம், சிலருடன் மூன்று மணி நேரம் வரை என நீண்ட அந்தச் சந்திப்புகளைப் பின்னரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்தார். இதைப் படித்தபோது எனக்கு என் பழைய நிறுவனம்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனபோது நிர்வாகத்தில் ஒருவரும் வந்து எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு கடன் இருக்கிறது, எந்த ஆட்டத்தை முடித்தால் எவ்வளவு வரும் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் வதந்தியாகவே கேட்டுத் தெரிந்துகொண்டோம். வாங்கப்போகிறவர் வருகிறார் என்ற செய்தி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அங்கே பாதியில் நின்ற ஓர் ஆட்டம் என் கைக்கு வந்தது. ஒரு எதிரியின் வேகத்தை மாற்றுவதற்குக்கூட நிரலுக்குள் எண்ணைத் திருத்தி, ஆட்டம் முழுவதையும் மறுபடி தொகுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். களங்களை வடிவமைப்பவர்கள் அந்த இருவருக்காகக் காத்துக் கிடந்தார்கள். வடிவமைப்பாளர்களே நேரடியாகத் திருத்தக்கூடிய ஒரு கருவியை முதலில் எழுதித் தருகிறேன், அதற்குக் கொஞ்சம் அவகாசம் தாருங்கள் என்று கேட்டேன். விற்கக்கூடிய பொருளைச் செய்யுங்கள், கருவியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். ஆட்டம் முடியவே இல்லை.

ஹாலில் இதற்கு நேர்மாறாக நடந்தது. எழுத்தாளர் ஷிகெசாத்தோ இத்தோயின் மதர் 2 என்ற ஆட்டம் பல ஆண்டுகளாக இழுபட்டுக் குலையும் நிலையில் இருந்தபோது இவாட்டா அதற்குள் வந்தார். இருப்பதை வைத்துக்கொண்டு சரிசெய்தால் இரண்டு ஆண்டுகள் ஆகும், முதலிலிருந்து எழுத அனுமதித்தால் அரை ஆண்டில் முடிக்கிறேன் என்று அவர் சொன்னதை இத்தோயே பதிவு செய்திருக்கிறார். இவாட்டா முதலில் செய்தது, குழுவில் இருந்த அனைவரும் ஒரே சமயத்தில் வேலை செய்வதற்கான கருவிகளை உருவாக்கியதுதான். அரை ஆண்டில் ஆட்டம் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடியது. மெருகேற்ற மேலும் சில மாதங்கள் எடுத்துக்கொண்டு, 1994 ஆகஸ்டில் வெளிவந்தது. கடனில் இருக்கும் நிறுவனத்தின் தலைவர் செய்த வேலை இது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இவாட்டாவைத் தெய்வமாக்குகிறேன் என்று சிலர் கருத்தெழுதக்கூடும். அவர் ஒருவரால் மட்டும் ஹால் நிமிரவில்லை. 1992 ஏப்ரலில் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயில் வெளிவந்து 50 லட்சத்துக்கும் மேல் விற்ற முதல் கர்பி ஆட்டம் மசஹிரோ சகுராயின் படைப்பு. புதிதாக ஆடுபவர்களும் இறுதிவரை ஆட வேண்டும் என்ற எண்ணம் அவருடையது. அதை டுவிங்கிள் போப்போ என்ற பெயரில் ஹாலே வெளியிட இருந்து, கடைகளிலிருந்து 26,000 முன்பதிவுகளும் வந்திருந்த நிலையில், நிறுத்தி மெருகேற்றலாம் என்று சொன்னவர் நிண்டெண்டோவின் ஆட்ட வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோத்தோ. பணத்தைவிட அந்த ஆலோசனையைத்தான் நிண்டெண்டோவின் பெரிய உதவியாக நான் எண்ணுகிறேன்.

1999 ஜனவரியில் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டம் சகுராய் திட்டமிட, இவாட்டா வார இறுதிகளில் நிரல் எழுதிய முன்மாதிரியிலிருந்து வளர்ந்தது. நம் துறையின் முதலாளிகள் பலர் இந்த வார இறுதிக் கதையை மட்டும் பொறுக்கியெடுத்து ஊழியர்களுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள். தலைவர் தானே விரும்பித் தன் ஓய்வு நாளில் செய்த வேலையை, சம்பளம் பாக்கி வைத்திருப்பவர் ஊழியரிடம் கேட்பதற்கு உதாரணமாக்குவது நியாயமே இல்லை.

இவாட்டா 2000இல் நிண்டெண்டோவுக்குச் சென்று, 2002இல் யமாவுச்சி குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவரானார். 2015இல் 55 வயதில் மறைந்தார். சகுராய் 2003இல் ஹாலிலிருந்து விலகினார். இருவரும் போன பிறகும் ஹால் கர்பி ஆட்டங்களைத் தொடர்ந்து உருவாக்கி, 2022 மார்ச்சில் அந்தத் தொடரை முழு முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தது. நிண்டெண்டோ வாங்கியதால் பிழைத்தது என்ற ஒற்றை வரிக்குள் இவற்றில் எதுவும் அடங்காது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.