முத்துப்பேட்டையில் நட்ட அலையாத்திக் கன்றுகள் கருகுவது பற்றி

மூன்று முறை நட்டும் கருகிவிட்டது என்கிறீர்கள். கன்றைக் குறை சொல்லாதீர்கள், தரையைப் பாருங்கள். கோடையில் அங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா?

பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, கடலோரச் சேற்றில் வளரும் அந்த அலையாத்திக் காடுகளைப் பட்டை பட்டையாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேறு இறுகித் தாழ்ந்து தட்டுப்போல் குழிந்தது. ஏறிய கடல்நீர் வடிய வழியில்லை. தேங்கி வற்ற வற்ற உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதில் எந்தக் கன்று பிழைக்கும்?

பிச்சாவரத்தில் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில், அதாவது நடுவில் ஒரு பெரிய கால்வாயும் இருபுறமும் சாய்வாகக் கிளைகளுமாக வெட்டின. ஓதநீர் (கடல் பொங்கும்போது உள்ளே வரும் நீர்) அதில் ஏறி இறங்கியதும் உப்புக் குறைந்தது, காடு திரும்பியது. நீங்களும் முதலில் வனத்துறையிடம் பேசி வாய்க்காலுக்கு அனுமதி வாங்குங்கள். அப்புறம் வாய்க்காலின் கரைச்சரிவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையை நடுங்கள், உப்பை நன்றாகத் தாங்கும். சுரபுன்னை என்ற வகை அவ்வளவு உப்பைத் தாங்காது, இப்போதைக்கு வேண்டாம்.