மாநில நீதிமன்றம் விடுவித்த பிறகு மத்திய வழக்கா?

ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்று அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாவது திருத்தம் சொல்லும்போது, லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பின வாகன ஓட்டியை அடித்த போலீஸ்காரர்கள் மட்டும், மாநில நீதிமன்றம் விடுவித்த பிறகும், எப்படி மறுபடி கூண்டேறினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு அந்த வழக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1992இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் முக்கியமாக இருந்தது தாக்குதல் குற்றச்சாட்டு. 1993இல் மத்திய நீதிமன்றம் விசாரித்தது சிவில் உரிமை மீறலை. ‘இவை வேறு வேறு குற்றங்கள்’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்.

உங்களுக்குத் தேவை 2019இல் தீர்ப்பான கேம்பிள் வழக்கு. அலபாமாவில் முகப்பு விளக்கு பழுதென்று போலீஸ் ஒரு காரை நிறுத்துகிறது, உள்ளே கைத்துப்பாக்கி. ஓட்டிய கேம்பிள் ஏற்கெனவே தண்டனை பெற்றவர், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அதே துப்பாக்கி, அதே இரவு. மாநிலமும் தண்டித்தது, மத்திய அரசும் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதை ஏற்றது. வாதம் இதுதான்: மீறப்பட்டவை மாநிலம், மத்திய அரசு என்ற இரண்டு தனித்தனி இறையாண்மைகளின் சட்டங்கள், ஆகவே குற்றமும் இரண்டு. மதுவிலக்குக் காலத்து லான்சா தீர்ப்பிலேயே (1922) இது வந்துவிட்டது.

எனக்கு இந்த வாதம் உவப்பில்லை. பெரும்பான்மைத் தீர்ப்புக்கு மாறுபட்ட நீதிபதிகள் இருவர், தாராளவாதியான கின்ஸ்பர்க்கும் பழமைவாதியான கோர்சச்சும். அவர்கள் தீர்ப்புரைகளைக் கட்டாயம் படியுங்கள். வழக்குத் தொடுக்கும் மத்திய அரசின் நீதித்துறை இத்தகைய மறுவழக்குகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் ‘பெட்டிட் கொள்கை’யைப் பாதுகாப்பாகக் காட்டிவிடாதீர்கள், அது அந்தத் துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி மட்டுமே, குற்றம்சாட்டப்பட்டவர் அதைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோர முடியாது.