பழைய வள்ளம், பழைய மோட்டார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆடி முடிந்து கடல் அடங்கும்போது வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வள்ளம் வாங்குவதைப் பற்றித்தான். குளச்சலிலிருந்து நீரோடி வரைக்கும், எல்லை தாண்டிப் பொழியூர், பூவாறு, விழிஞ்ஞத்திலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

விழிஞ்ஞத்தில் ஒரு 40 குதிரைச் சக்தி மண்ணெண்ணெய் மோட்டார் பார்த்தேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கலாமா? (நீரோடி)

இழுப்பதற்கு முன்னால் சிலிண்டர் பக்கம் கை வைத்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. சூடான மோட்டாரை யார் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகும். நீங்கள் வருகிற நேரம் தெரிந்தால் அரை மணி நேரம் முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சொல்லாமல் காலையில் போங்கள். குளிர்ந்த மோட்டாரைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கடலில் கால் மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். பெட்ரோலில் நன்றாக ஓடி, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் திணறுகிற மோட்டார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மோட்டாரைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும் தண்ணீர் பக்கத் துவாரத்தில் விடாமல் பீய்ச்ச வேண்டும். விட்டுவிட்டு வந்தால் ஒன்று பம்பின் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கும், இல்லையென்றால் உள்ளே உப்பு அடைத்திருக்கும். இம்பெல்லர் சின்னச் செலவு. உப்பு அடைப்பு அப்படி இல்லை.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் ஒன்றைக் கடன் வாங்கியாவது கொண்டு போங்கள். எண் எவ்வளவு என்பதை விட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10, 15 பவுண்டுக்கு மேல் போனால் வேறு மோட்டார் பாருங்கள்.

கியர் ஆயில் பால் மாதிரி இருக்கிறது. மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். (சின்னத்துறை)

ஆயிலை மாற்றினால் நிறம்தான் மாறும். புரொப்பெல்லர் தண்டில் தண்ணீரைத் தடுக்கிற சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள், தங்கூஸ், அதாவது நைலான் நரம்பு, சுற்றியிருக்கும். நம் கடலில் சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். வடித்த ஆயிலை விரலில் தேய்த்தால் பொடிப்பொடியாக இரும்பு மினுங்குகிறதா? மினுங்கினால் கியரும் சேர்ந்து போயிருக்கிறது.

நல்ல நிலையில் உள்ள ஃபைபர் வள்ளம், மோட்டாருடன். சொல்லும் விலை நியாயமா? (பொழியூர்)

என்ன விலை என்று நீங்கள் எழுதவே இல்லை. நீளம் எத்தனை அடி, எந்த வருஷம் கட்டியது, மோட்டார் எத்தனை குதிரை, எதுவும் இல்லை. 'நல்ல நிலை' என்பது விற்பவர் சொன்ன வார்த்தை. அதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெளியே புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபைபர் வள்ளம், 25 குதிரை மோட்டார் மாட்டியிருக்கிறது. 40 குதிரையாக மாற்ற நினைக்கிறேன். அமரம் தாங்குமா? (வள்ளவிளை)

இந்தக் கேள்விக்காகத்தான் பல வருஷமாகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வள்ளத்தின் பின்பக்கத்தில் அந்த மோட்டாரைத் தாங்குகிற அமரப் பலகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமரம் முழுக்க ஃபைபர் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான வள்ளங்களில் வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் பிளைவுட். மோட்டாரின் போல்ட் அதன் வழியாகத்தான் போகிறது. போல்ட் ஓட்டையில் சீலன்ட் வைக்காமல் முறுக்கினால் தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். உப்புத் தண்ணீரை விட மழைத் தண்ணீர் மரத்தைச் சீக்கிரம் இற்றுப்போகச் செய்யும். நமக்கோ இரண்டு மழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மூடாமல் கரையில் போட்ட வள்ளத்தில் உள்ளே மரம் புட்டாகிவிடும், வெளியே ஃபைபர் பளபளவென்றே இருக்கும்.

போன வருஷம் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு வள்ளம் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். நீலப் பெயின்ட்டின் வாசனைகூடப் போகவில்லை. கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் காப்பி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது, ஊறப் போட்ட தேங்காய்த் தொண்டு நாற்றம். கம்பி ஒன்றை வளைத்து ஓட்டைக்குள் விட்டுக் கிளறினேன். ஈரக் காப்பித்தூள் மாதிரி மரம் வெளியே வந்தது. வாங்க வந்த பையன் ஏற்கெனவே 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தான். அதில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான், தம்பி. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அமரம் முழுக்கத் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் சரி, 'தொப்' என்றால் உள்ளே ஈரம். மோட்டாரைப் பாதி தூக்கி வைத்து, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், கூட வந்தவர் பலகையைப் பார்க்கட்டும். பலகை மூச்சு விடுகிற மாதிரி அசைந்தால் வேண்டாம். மோட்டார் கிளாம்ப் பதிந்த இடத்தில் பள்ளம், மூலைகளில் நட்சத்திரம் மாதிரி கீறல், இவற்றையும் பாருங்கள். கடைசியாக ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

40 குதிரை மோட்டார் 70, 80 கிலோ வரும். அதன் தள்ளுதலும் அந்தப் பலகையில்தான் விழுகிறது. ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் அலை உடைகிற இடத்தில் முழு வேகம் கொடுக்கும்போது பலகை பிளந்தால் மோட்டார் எண்ணெய்க் குழாயில் தொங்கும், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். இளவயதில் அப்படி ஒரு வள்ளத்தில் நான் இருந்தேன். நாலு பேரும் நீந்திக் கரை ஏறினோம், வள்ளம் ஏறவில்லை. 25க்குக் கட்டிய அமரத்தில் 40 மாட்டாதீர்கள். மாட்டியே ஆக வேண்டுமென்றால் உள்தோலை வெட்டி, மரத்தை மாற்றி, புதிதாக ஃபைபர் போட்ட பிறகு மாட்டுங்கள். புதுப் பெயின்ட் அடித்த வள்ளத்தை அந்தப் பெயின்ட்டை நம்பி வாங்காதீர்கள்.

முட்டம் பக்கத்தில் கட்டிய பழைய பிளைவுட் வள்ளம் மலிவாக வருகிறது. (குளச்சல்)

முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கியது 1980களில். நல்ல மரைன் பிளை போட்டது நன்றாக உழைக்கும். பலகை சேருகிற விளிம்பையும், வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடுகிற ஏராவின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மணலில் இழுத்து இழுத்து அங்கேதான் தேயும். பேனாக்கத்தி முனை மெத்தென்று இறங்கினால் மலிவானாலும் வேண்டாம்.

கேரளப் பதிவு வள்ளத்தை இங்கே கொண்டுவந்து ஓட்டலாமா? பேப்பர் பிறகு மாற்றித் தருகிறேன் என்கிறார். (கொல்லங்கோடு)

'பிறகு' என்று சொன்னவரைப் பிறகு பிடிக்க முடியாது. கடல் மீன்பிடி ஒழுங்குமுறைக்குக் கேரளத்துக்கு 1980ஆம் வருஷச் சட்டம், தமிழ்நாட்டில் நமக்கு 1983ஆம் வருஷச் சட்டம், இரண்டிலும் உரிமம் தனித்தனி. அங்கே மீன்வளத் துறையில் பதிவை நீக்கி, ஆட்சேபமில்லாச் சான்று வாங்கி, இங்கே உங்கள் பெயரில் பதிய வேண்டும். வள்ளத்தில் எழுதிய எண், பதிவுச் சான்றில் உள்ள எண், மோட்டார் பிராக்கெட் தகட்டில் உள்ள எண், எல்லாவற்றையும் நீங்களே ஒப்பிடுங்கள். தகட்டைச் சுரண்டியிருந்தால் தொடவே வேண்டாம். மீனவர் சங்கக் கடனில் வாங்கிய மோட்டார்கள் நம் கரையில் நிறைய உண்டு, அதனால் பாக்கி இல்லை என்று சங்கத்தின் கடிதம் கேளுங்கள். பதிவு உங்கள் பெயரில் இல்லாவிட்டால் மானிய எரிபொருளும் இல்லை. கடலில் ஒன்று நடந்தால் வீட்டில் இருப்பவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டி நிவாரணம் கேட்பார்கள்? 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கரையில் காகிதத்துக்காக அலைந்த குடும்பங்களைப் பார்த்தவன் கேட்கிறேன்.

பழைய மீன்பிடி வள்ளம் ஒன்றை வாங்கி, மேலே தட்டு அடித்து, சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம் என்று யோசனை. (பூவாறு)

வேண்டாம். மீன்பிடி வள்ளத்தில் வலை, ஐஸ், மீன் என்று பாரமெல்லாம் அடியில் இருக்கும், அதனால்தான் அது நிற்கிறது. தட்டு அடித்து ஆட்களை மேலே ஏற்றினால் பாரம் மேலே போகிறது. எல்லாரும் போட்டோ எடுக்க ஒரு பக்கம் சாய்ந்தால் வள்ளம் திரும்பவும் நிமிராது. 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகுதான். பயணிகளுக்காகவே கட்டி, சர்வே முடித்து, எத்தனை பேர் என்று சான்று உள்ள படகை வாங்குங்கள். அந்த எண்ணுக்கு மேல் ஓர் ஆளைக்கூட ஏற்றாதீர்கள்.

ஜூன், ஜூலையில் விலை இறங்கும் என்கிறார்கள். அப்போதே வாங்கிவிடலாமா? (இரவிபுத்தன்துறை)

அந்தக் கடலில் எப்படி ஓட்டிப் பார்ப்பீர்கள்? பேசி முடியுங்கள், கடலில் ஓட்டிய பிறகு மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். ஓட்டாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

மோட்டாரின் துத்தநாகக் கட்டி புத்தம் புதிதாக இருக்கிறது. நல்ல பராமரிப்புதானே? (தூத்தூர்)

மோட்டாரின் அலுமினியத்துக்குப் பதில் உப்பு இதைத் தின்னட்டும் என்று மாட்டுகிற கட்டி அது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்த கட்டி வேலையே செய்யாது, அதற்குப் பதில் மோட்டாரின் அலுமினியத்தைத்தான் உப்பு தின்றிருக்கும். பாதி கரைந்த கட்டி இருக்கிற மோட்டாரை நான் நம்புவேன். புதிதாக மாட்டியது என்றால் கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.