வாசகர் கேள்வி: பாலைவனத்தில் வாழும் கரடி

கேள்வி: கோபிப் பாலைவனத்தில் ஒரு கரடியினம் அழியும் நிலையில் இருப்பதாக என் மகள் படித்துவிட்டு வந்தாள். மணல்காட்டில் கரடி எதைத் தின்று வாழும்? கண்ணிலேயே படாத விலங்கை எப்படி எண்ணுகிறார்கள்?
— ஒரு வாசகி, திருப்புல்லாணி

பதில்: மங்கோலியர் 'மஸாலாய்' என்றழைக்கும் இக்கரடி, பழுப்புக் கரடியின் ஓர் உள்ளினம். அந்நாட்டின் தென்மேற்கே, மணலைவிடக் கற்பாறையும் சரளையும் மிகுந்த வறண்ட மலைகளில், 1975இல் காப்பகமாக்கப்பட்ட பெருங்கோபிப் பகுதியில் மட்டுமே அது எஞ்சியுள்ளது. வறட்சிக்குப் பெயர்போன நம் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. அங்கே 100 மி.மீ. பெய்தால் அது நல்ல ஆண்டு. காட்டு ருபார்ப் செடியின் கிழங்கு, காட்டு வெங்காயம், புல், முட்புதர்களின் சிறு கனிகள் ஆகியவையே அதன் முதன்மை உணவு. இறைச்சி உண்பது மிகக் குறைவு.

கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பும் நம் கரையோரப் பெண்களுக்கு அக்கரடியின் பாடு எளிதில் விளங்கும். ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள சில ஊற்றுகளை நம்பியே அது நடமாடுகிறது. ஓர் ஊற்று வற்றினால், அதைச் சுற்றியிருந்த மேய்ச்சலும் அதற்கு இல்லாமற்போகிறது.

எண்ணும் முறையும் இந்த ஊற்றுகளைச் சார்ந்ததே. குளிர்கால உறக்கம் கலைந்து மெலிந்து வரும் கரடிகளுக்காக, ஊற்றுகளின் அருகே வைக்கப்படும் தீவனத் தொட்டிகளைச் சுற்றி ஆய்வாளர்கள் முள்கம்பி கட்டுகிறார்கள். கடந்து செல்லும் கரடியின் முடி அதில் சிக்க, முடியின் வேரிலுள்ள மரபணுவைக் கொண்டு அது எந்தக் கரடி, ஆணா பெண்ணா என்று பிரித்தறிகிறார்கள். 2009இல் திரட்டிய முடிகளிலிருந்து அடையாளம் காணப்பட்டவை 22 கரடிகள். அவற்றுள் பெண் கரடிகள் 8 மட்டுமே. எனக்கு மிகுந்த கவலை தருவது அந்த எட்டுதான், ஏனெனில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே குட்டி ஈனும் விலங்கில் ஒரு தாய் இறந்தாலும் இழப்பு ஈடுகட்ட முடியாதது. 2005 முதல் சில கரடிகளுக்கு மயக்க ஊசி செலுத்தி, செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை அணிவித்து, அவை எந்த ஊற்றுக்கு எப்போது செல்கின்றன என்பதையும் பதிவு செய்துள்ளனர்.

மங்கோலிய அரசு 2013ஆம் ஆண்டை இக்கரடியின் பாதுகாப்பு ஆண்டாக அறிவித்தது. ஆயினும், காப்பகத்துக்குள் தங்கம் தோண்ட வருவோர் நீர் உள்ள இடத்தில்தான் கூடாரம் அடிப்பார்கள். ஆளைக் கண்டு அஞ்சும் கரடி அந்த ஊற்றை நெருங்காது.